பாட்டிலில் கிடைக்காத கடிதம்

லிதுவேனியாவின் தலைநகரை இன்று வில்னியஸ் என்கிறோம். அங்கே வாழ்ந்த யூதர்களுக்கு அது வில்னா. அந்த ஊரின் ஸ்ட்ராஷுன் தெருவில் 6-ஆம் எண் கட்டடத்தில் 1942 டிசம்பரில் ஒரு விழா நடந்தது. நூலகம் ஒரு லட்சமாவது புத்தகத்தை இரவல் கொடுத்ததற்கான விழா. கூடியிருந்தவர்கள் எல்லோரும் கெட்டோ என்ற அடைப்புக்குள் பூட்டிவைக்கப்பட்ட யூதர்கள். முந்தைய ஆண்டு ஜூனில் ஜெர்மன் படை ஊருக்குள் வந்தது. செப்டம்பரில் அவர்களைக் கெட்டோவுக்குள் தள்ளியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஊரின் யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைப் போனாரி காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் குழியில் தள்ளிவிட்டது. மிஞ்சியவர்கள் நூலகத்துக்கு வந்து நாவல் எடுத்துப் போனார்கள்.

அந்த நூலகத்தை நடத்தியவர் ஹெர்மன் க்ருக். போலந்தின் வார்சாவில் தொழிலாளர்களுக்கான நூலகம் ஒன்றைக் கட்டி வளர்த்தவர்; 1939-ல் போருக்குத் தப்பி வில்னாவுக்கு வந்து சேர்ந்தவர். நானும் பொது நூலகத்தில் வேலை பார்ப்பவள். அதனால் கெட்டோ நூலகம் குறித்து அவர் எழுதிய அறிக்கையைப் பற்றிப் படித்தபோது என் கண் நேராக இரவல் கணக்குக்குத்தான் போயிற்று. 1941 அக்டோபர் முதல் தேதி, யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் நாள். அன்று பார்த்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொலைக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் நூலகத்தில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் கைமாறியிருக்கின்றன. அக்காவும் தம்பியும் போனபின் மறுநாள் காலையில் ஒருவர் வந்து பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேட்கிறார் என்றால், எதிரே உட்கார்ந்து பதிவேட்டில் எழுதியவருக்குக் கை எப்படி ஓடியிருக்கும்!

பெரும்பாலானவர்கள் கேட்டது, எல்லாவற்றையும் மறக்கவைக்கும் லேசான கதைகளைத்தான். க்ருக் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் இன்னொரு கூட்டம் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ கேட்டது. ‘மூசா தாக்கின் நாற்பது நாட்கள்’ கேட்டது. இந்த இரண்டாவது நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1933-ல் ஜெர்மன் மொழியில் அதை எழுதியவர் பிராக் நகரில் பிறந்த யூதர், பிரான்ஸ் வெர்ஃபெல். கதை நடப்பது 1915-ல். ஒட்டோமான் அரசு ஆர்மீனியக் கிறிஸ்தவர்களை ஊர் ஊராகக் கிளப்பிப் பாலைவனத்துக்கு நடத்திச் சென்று கொன்றது. மத்தியதரைக் கடலோரத்துக் கிராமத்தார் சிலர் மட்டும் கிளம்ப மறுத்து, மூசா தாக் என்ற மலைமேல் ஏறிக்கொண்டு எதிர்த்து நின்றார்கள். கடைசியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வந்து ஏறத்தாழ நாலாயிரம் பேரை ஏற்றிச் சென்றன. இவ்வளவும் வரலாறு. மலைமேல் அவர்கள் இருந்தது ஐம்பது நாளுக்கு மேல். மோசே சீனாய் மலையில் இருந்த நாற்பது நாளை வாசகர் நினைக்கட்டும் என்று வெர்ஃபெல் அதை நாற்பதாக்கினார். அவருடைய நாயகன் பாக்ரதியான் எல்லோரையும் கப்பலேற்றிவிட்டுத் தான் மட்டும் மலையில் தங்கிப்போகிறான். மகனின் கல்லறைக்குப் பக்கத்தில் சுடப்பட்டுச் சாகிறான்.

அடுத்த ஆண்டே நாஜி அரசு அந்த நாவலைத் தடை செய்தது. ஆனாலும் வில்னா, வார்சா, பியாலிஸ்டாக் கெட்டோக்களில் பிரதிகள் கைக்குக் கை போயின. பியாலிஸ்டாக்கில் இளைஞர்கள் கூடி, தப்பி ஓடுவதா, நின்று போராடுவதா என்று 1943 பிப்ரவரியில் வாதாடியபோது மூசா தாக் பேச்சில் வந்தது. பேரழிவுக் காலத்து நம்பிக்கையையும் உயிர்பிழைத்தலையும் பற்றிய வரலாற்று நாவலை, அதே நிலையில் இருந்தவர்களே வரிசையில் நின்று படித்திருக்கிறார்கள். நாவல் படித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டால் நான் வில்னாவைத்தான் சொல்வேன்.

இப்போது எங்கள் நூலகத்துக்கு வருவோம். இங்கே மாதந்தோறும் வாசகர் வட்டம் கூடுகிறது. சில காலமாக, யூத இனப்படுகொலை பற்றிய கதைகளை வரிசையாக எடுத்துப் பேசிவருகிறோம். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு தமிழில் கிடைக்கிறது. மற்றவற்றில் பலவற்றை நாங்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, படிக்க இயலாதவர்களுக்குக் கதையாகச் சொல்கிறோம். ஒருமுறை, செவிலியர் படிப்பு படிக்கும் மாணவி ஒருத்தி கோரி டென் பூம் எழுதிய ‘தி ஹைடிங் பிளேஸ்’ புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்தாள். அது நாவல் அல்ல, தன்வரலாறு. ஆனால் நாவலைப் போல ஓடும். நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரில் கடிகாரக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம், மாடி அறையில் பொய்ச்சுவர் எழுப்பி யூதர்களை ஒளித்துவைக்கிறது. 1944 பிப்ரவரி 28-ல் போலீஸ் வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தைக் கைது செய்கிறது. சுவருக்குப் பின்னால் நின்றவர்கள் அகப்படவில்லை. 84 வயதுத் தகப்பனார் பத்து நாளில் சிறையில் இறக்கிறார். அக்காள் பெட்ஸியும் தங்கை கோரியும் ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்குப் போகிறார்கள். கொட்டகை முழுக்கத் தெள்ளுப்பூச்சி. அதற்கும் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள் பெட்ஸி. தங்கைக்கு அது ஏறவில்லை. பிறகு தெரிகிறது, பூச்சிக்குப் பயந்து காவலர்கள் அந்தக் கொட்டகைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. அதனால்தான் உள்ளே வேதம் வாசிக்க முடிந்திருக்கிறது.

மாணவி இதைச் சொல்லி முடித்துவிட்டு, “பாத்தீங்களா மேடம், நம்புனவங்களைக் கடவுள் கைவிடலை” என்றாள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?”

“இறந்துட்டாங்க சார். அங்கேயே.”

“ரெண்டு பேர்ல யாரு அதிகமா நம்புனது?”

அவள் யோசித்தாள். “அக்காதான் சார்.”

அன்று வேறு எதுவும் பேச ஓடவில்லை. அந்தக் கேள்வி என்னைவிட்டு நகரவே இல்லை. பெட்ஸி 1944 டிசம்பரில் இறந்தார். இரண்டு வாரத்துக்குள் கோரி விடுதலையானார். தன் பெயர் விடுதலைப் பட்டியலில் வந்தது அலுவலகத் தவறால்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். புத்தகத்தின் நேர்மை அங்கே இருக்கிறது. அக்காவின் நம்பிக்கையைத் தன் உயிரோடு முடிச்சுப் போட்டு அவர் லாபக் கணக்கு காட்டவில்லை. ஆனால் இன்று கடைகளில் குவியும் நாவல்கள் பலவற்றில் அந்த முடிச்சு போடப்பட்டிருக்கிறது. நம்பினாள், காதலித்தாள், மனம் தளரவில்லை, ஆகவே பிழைத்தாள் என்று கதை போகும். படிக்க இதமாக இருக்கும். ஆனால் அந்த ‘ஆகவே’ செத்துப்போன அறுபது லட்சம் பேரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அவர்கள் போதுமான அளவு நம்பவில்லையா? உறுதி குறைந்த பிள்ளைகளா அந்தப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்? பிழைத்ததற்கும் நம்பியதற்கும் முடிச்சுப் போடுகிற கதையை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. முடிச்சுப் போடாமல் எழுதப்பட்டவை இருக்கின்றன. அவை மனதை உலுக்கும். ஆனால் பொய் சொல்லாது.

அவற்றில் முதலாவது மிகச் சிறியது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ‘யோசல் ரகோவர் கடவுளோடு பேசுகிறான்’ என்பது பெயர். வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரல் 19-ல், யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய நாள், எழுச்சி தொடங்கியது. சில நூறு இளைஞர்கள் கைத்துப்பாக்கியும் பெட்ரோல் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஜெர்மன் படையை எதிர்த்தார்கள். படை வீடு வீடாகத் தீ வைத்தது. அப்படி எரிகிற ஒரு வீட்டின் மேல்தளத்தில் கிடந்தபடி யோசல் எழுதுகிறான். வயது 43. ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவன். மனைவியும் ஆறு பிள்ளைகளும் போய்விட்டார்கள். ரொட்டித் துண்டு தேடிக் கெட்டோவைத் தாண்டி ஓடிய பத்து வயது மகளும் அவர்களில் ஒருத்தி. கையில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம் பெட்ரோல் பாட்டில்கள். கடைசிப் பாட்டிலைக் காலி செய்து அதற்குள் இந்தக் கடிதத்தைத் திணித்துச் செங்கல் இடுக்கில் மறைக்கப்போகிறான். கடிதம் கடவுளுக்கு. அவன் நாத்திகன் ஆகவில்லை, மன்றாடவும் இல்லை. கணக்குக் கேட்கிறான். நான் என் கடமையில் தவறவில்லை, நீ உன் கடமையில் நின்றாயா என்ற தோரணையில் கேட்டுக்கொண்டே போகிறான். கேட்டு முடித்தபின், நம்பிக்கையைக் கைவிடாமலே சாகத் தயாராகிறான். தன்னை விட்டு விலகிப் போனவரிடம், நான் விலகமாட்டேன் என்று சொல்கிற பிடிவாதம் அது.

இதை எழுதியவர் வார்சா கெட்டோவில் இருந்ததே இல்லை. பெயர் ஸ்வி கோலிட்ஸ். லிதுவேனியாவில் பிறந்து, போருக்கு முன்பே வெளியேறியவர். 1946-ல், யூதர்களுக்குத் தனி நாடு கோரிய சீயோனிய இயக்கத்தின் பணிக்காக அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் போயிருந்தபோது, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இட்டிஷில் அங்கே வந்துகொண்டிருந்த நாளிதழ் யோம் கிப்பூருக்காக ஒரு கட்டுரை கேட்டது. ஓட்டல் அறையில் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் 25-ல் அவர் பெயரோடு அச்சாயிற்று. பிறகு நடந்ததுதான் விசித்திரம். யாரோ அதைத் தட்டச்சு செய்து, ஆசிரியர் பெயர் இல்லாமல் இஸ்ரேலுக்கு அனுப்பினார்கள். 1954-ல் டெல் அவிவின் முக்கியமான இட்டிஷ் இலக்கிய இதழ், வார்சா இடிபாடுகளில் பாட்டிலுக்குள் கிடைத்த உண்மை ஆவணம் என்று அதை வெளியிட்டது. பல நாட்டு மக்கள் அப்படியே படித்து அழுதார்கள். நான்தான் எழுதினேன் என்று கோலிட்ஸ் சொல்லச் சொல்ல, இறந்துபோனவனின் கடிதத்தைத் திருடப் பார்க்கிறான் என்று அவர்மேலேயே பழி விழுந்தது.

அந்த இதழின் ஆசிரியர் ஆபிரகாம் சுட்ஸ்கெவர், சாதாரண ஆள் இல்லை. இட்டிஷின் மாபெரும் கவிஞர். ஏமாந்தது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. சுட்ஸ்கெவர் வில்னா கெட்டோவில் இருந்தவர். க்ருக்கோடு சேர்ந்து வேலை செய்தவர். ஜெர்மானியர்கள் கொள்ளையடித்துப் பிரிக்கச் சொன்ன யூத நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் உடுப்புக்குள் மறைத்துக் கெட்டோவுக்குள் கடத்தி, மண்ணில் புதைத்த குழு அவர்களுடையது. போர் முடியும் தறுவாயில் திரும்பி வந்து தோண்டி எடுத்தார். மண்ணுக்குள் இருந்து காகிதம் பேசும் என்பதைத் தன் கையாலேயே கண்டவர், பாட்டிலுக்குள் ஒரு கடிதம் என்றால் நம்பத்தான் செய்வார். கதை என்று சட்டெனப் புரிந்துகொண்டவர் பிரெஞ்சு யூத மெய்யியலாளர் எம்மானுவேல் லெவினாஸ். 1955-ல் பாரிஸ் வானொலியில் பேசியபோது, இது புனைவு, ஆனால் புனைவால் மட்டுமே எட்டக்கூடிய உண்மை இதில் இருக்கிறது என்ற பொருள்பட அவர் சொன்னார். அந்த அளவோடு நிறுத்திக்கொண்ட அவருடைய நிதானம் எனக்குப் பிடிக்கும்.

உண்மையிலேயே மண்ணுக்குள் கிடந்தது ஒன்று உண்டு. யோசலைப் படிக்கிறவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் வார்சா கெட்டோவில் ரகசியக் குழு ஒன்றை நடத்தினார். ரேஷன் சீட்டு, பள்ளிப்பிள்ளையின் கட்டுரை, தெருச் சுவரொட்டி என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் சேகரித்துத் தகரப்பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். தகரப்பெட்டிகள் 1946 செப்டம்பர் 18-ல் தோண்டியெடுக்கப்பட்டன. கோலிட்ஸின் கதை அச்சானது அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, பூமியின் இன்னொரு பக்கத்தில். பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. அவற்றோடு கிடைத்தவை பியாசெக்னோ ஊரின் ஹசிதிய குரு கலோனிமஸ் கல்மன் ஷபிராவின் சொற்பொழிவுகள். 1939-லிருந்து 1942 கோடைவரை ஓய்வுநாட்களிலும் பண்டிகைகளிலும் வார்சாவில் அவர் பேசியவை, அவர் கையாலேயே எழுதப்பட்டவை.

அவருடைய ஒரே மகன் 1939 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் வார்சாமேல் குண்டு வீசியபோது காயப்பட்டு இறந்தான். மகனைப் பார்க்க மருத்துவமனை வாசலில் நின்ற மருமகளும் குண்டுக்குப் பலியானாள். அதற்குப் பிறகும் அவர் இந்தச் சொற்பொழிவுகளைத் தொடர்கிறார். எதிரே இருப்பவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பசித்தவர்கள். அவர்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு. கடவுளும் மறைவான உள்ளறையில் உட்கார்ந்து அழுகிறார், நம் அழுகை அந்த அறைக்குள் போய்ச் சேரும் என்று தால்முது என்ற யூத மறைநூலை வைத்து ஆறுதல் சொல்கிறார். 1941 கடைசியில், இது நம் முன்னோர் படாத துன்பமா, எருசலேம் கோவில் இடிந்தபோது படவில்லையா, எதற்காக விசுவாசம் ஆட வேண்டும் என்ற ரீதியில் பேசியிருக்கிறார். ஓராண்டு கழிகிறது. 1942 ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் வார்சாவிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ட்ரெப்ளிங்கா முகாமுக்கு ரயிலேற்றிக் கொன்றுவிட்டார்கள். அந்த நவம்பரில் குரு தன் பழைய தாளை எடுத்து, அந்தப் பேச்சின் அடியில் குறிப்பு ஒன்று எழுதுகிறார். நான் சொன்னது அப்போதுவரை நடந்ததற்குத்தான் பொருந்தும்; அதன்பின் நடந்ததற்கு ஒப்பே இல்லை என்பது அதன் சாரம். தானே சொன்னதைத் தானே திருத்துகிறார். அடித்துவிட்டு எழுதவில்லை, பழையதை அப்படியே விட்டு, கீழே தேதியோடு திருத்தம் போடுகிறார். நம்பிக்கையின் வரலாற்றில் இதைவிட நேர்மையான அடிக்குறிப்பை நான் படித்ததில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் லப்ளின் பக்கத்து ட்ராவ்னிகி முகாமில் மற்ற யூதர்களோடு அவரையும் கொன்றார்கள். சொற்பொழிவுகள் 1960-ல் இஸ்ரேலில் நூலாயின.

யோசலின் கடிதத்தையும் குருவின் சொற்பொழிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தால், புனைவுக்கு என்ன வேலை என்பது விளங்கும். குருவுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். அவர் நாவை அடக்கித்தான் பேச முடியும். யோசலுக்கு முன்னால் யாருமில்லை. குருவுக்குள் கொதித்து, வாய்க்கு வராமல் போனதை யோசலின் வாயில் கோலிட்ஸ் வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆவணம் எங்கே வாயைப் பொத்திக்கொள்கிறதோ அங்கேதான் கதைக்கு வேலை. ஆவணம் வாய்திறந்து சொன்னதை மாற்றிச் சொல்ல அதற்கு உரிமை கிடையாது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் சில பிரபலமான புத்தகங்களோடு எனக்கு வருத்தம். ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்’ 2006-ல் வந்தது, படமாகவும் ஓடியது. முகாம் அதிகாரியின் மகனும் ஒன்பது வயது யூதச் சிறுவனும் வேலிக்கு இரு புறமும் உட்கார்ந்து தினமும் பேசிக்கொள்கிறார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் அந்த வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கிய உடனே நச்சுவாயுவுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020-ல் சொன்னது. ஹெதர் மோரிஸின் ‘தி டாட்டூயிஸ்ட் ஆஃப் ஆஷ்விட்ஸ்’ 2018-ல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. உண்மையான மனிதர் ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியதுதான். ஆனாலும் கைதியின் எண்ணிலிருந்து, காய்ச்சலுக்குப் பெனிசிலின் கிடைத்ததுவரை பல பிழைகளை அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். கதைதானே, ஒரு எண் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்படி ஒரு கொலையே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாவலில் கிடைக்கும் ஒவ்வொரு பிழையும் அவர்கள் கைக்குப் போகிறது.

நம்பாதவர் பக்கம் நின்று பேசும் குரலையும் கேட்டாக வேண்டும். இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லெவி தன் முகாம் நினைவுகளில் ஒரு ராத்திரியை எழுதியிருக்கிறார். 1944 அக்டோபரில் நச்சுவாயு அறைக்கு ஆள் பொறுக்கி முடிந்த இரவு. கூன் என்ற கிழவர், தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று உரக்கக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்துப் பலகையில் பெப்போ என்ற இருபது வயது கிரேக்கப் பையன், நாளை மறுநாள் சாகப்போவது தெரிந்து விளக்கையே வெறித்துக்கொண்டு கிடக்கிறான். லெவிக்கு வந்த கோபம் பக்கத்தைத் தாண்டி நம்மைச் சுடும். பெட்ஸியின் நன்றியையும் கூனின் நன்றியையும் நான் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பெட்ஸி சொன்னது எல்லோருக்குமான நன்றி. கூன் சொன்னது தன் ஒருவன் உயிருக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது நியாயமாகப் படவில்லை.

இந்த வாதம் முழுவதையும் இரண்டு பேர் வாயில் வைத்த கதை ஒன்று உண்டு: ‘ஹெர்ஷ் ரசெய்னரோடு என் சண்டை’. 1950-களின் தொடக்கத்தில் இட்டிஷில் எழுதியவர் ஹயிம் கிராடெ. இவரும் வில்னாக்காரர், சுட்ஸ்கெவரின் கவிஞர் வட்டத்தைச் சேர்ந்தவர். சிறுவயதில் கடுமையான ஒழுக்கப் பயிற்சிக்குப் பேர்போன நவரேடோக் மதப் பள்ளியில் படித்து, பிறகு அதை விட்டு எழுத்தாளரானவர். 1941-ல் ஜெர்மன் படை வந்தபோது, பெண்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்பி மனைவியையும் தாயையும் விட்டுவிட்டு ரஷ்யாவுக்கு ஓடினார். இருவரையும் கொன்றுவிட்டார்கள். கதையில் வரும் எழுத்தாளனும் அதே வில்னாக்காரன்தான்.

1948-ல் பாரிஸ் மெட்ரோ ரயிலில் அவனுக்குப் பழைய பள்ளித் தோழன் ஹெர்ஷ் எதிர்ப்படுகிறான். முகாமிலிருந்து மீண்டவன், தாடியும் கறுப்புடையும் மாறவில்லை. இறங்கி நகர மன்றக் கட்டடத்தின் பக்கம் நடந்தபடி சண்டை தொடங்குகிறது. இவ்வளவுக்குப் பிறகும் நீ எப்படி நம்புகிறாய் என்று எழுத்தாளன் கேட்கிறான். இவ்வளவுக்குப் பிறகும் நீ எப்படி நம்பாமல் இருக்கிறாய் என்று ஹெர்ஷ் திருப்பிக் கேட்கிறான். அறிவும் கலையும் பண்பாடும் மனிதனை நல்லவனாக்கும் என்று சொன்னாயே, இசையும் தத்துவமும் படித்தவர்கள்தானே எங்களைக் கொன்றார்கள் என்பது ஹெர்ஷின் கேள்வி. உன் வேதம் அறியாமலே, கடவுளின் கட்டளை எதுவும் இல்லாமலே, தன் உயிரைப் பணயம் வைத்து யூதர்களை ஒளித்துக் காத்த மனிதர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பாய் என்பது எழுத்தாளனின் கேள்வி. இருவருமே பிழைத்தவர்கள். நம்பியவனும் பிழைத்திருக்கிறான், நம்பாதவனும் பிழைத்திருக்கிறான். அதனால் உயிர்பிழைத்தலை யாரும் சாட்சிக்கு அழைக்க முடியாது. கிராடெ நம்பாதவர் பக்கம் நின்றவர். இருந்தும் ஹெர்ஷுக்குக் கொடுத்த வாதங்கள் அவ்வளவு வலிமையானவை. ஒரு பக்கம் படிக்கும்போது இவன் சொல்வது சரி என்போம், அடுத்த பக்கத்தில் அவன் சொல்வது சரி என்போம். தான் ஏற்காத மனிதனுக்குத் தன் மிகச் சிறந்த வரிகளைக் கொடுக்கிற எழுத்தாளனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வாசகர் வட்டத்தில் இந்தக் கதையை அந்த ஆசிரியரும் மாணவியும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசினார்கள். மாணவியை எழுத்தாளன் பக்கமும், ஆசிரியரை ஹெர்ஷ் பக்கமும் நிற்கவைத்தேன். இருவரும் முதலில் தயங்கினார்கள். பிறகு ஆசிரியர் ஹெர்ஷாகி மேசையைத் தட்டிப் பேசிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

நம்பிக்கை என்பது நாடகத் தருணங்களில் மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்னாவுக்கு அண்டை ஊரான கவுனாஸ் கெட்டோவில் எஃப்ராயிம் ஓஷ்ரி என்ற இளம் ரபி, அதாவது யூத மதகுரு, இருந்தார். ஜெர்மானியர்கள் பறித்துக் குவித்த யூத நூல்களின் கிடங்குக்கு அவரைக் காவல் வைத்தார்கள். அந்த நூல்களைப் பார்த்தே அவர் மக்களின் கேள்விகளுக்குச் சட்டம் சொன்னார். சிமென்ட் பை காகிதத்தைக் கிழித்துக் கேள்வி பதிலைக் குறித்துத் தகர டப்பாவில் புதைத்தார். போருக்குப் பின் எடுத்து நூலாக்கினார். அதில் வரும் கேள்வி ஒன்று: என்னை அடிமையாகப் படைக்காததற்கு நன்றி என்று யூதர்கள் காலையில் சொல்லும் துதியை, அடிமைகளாக வேலை செய்யும் நாங்கள் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்றார் ஓஷ்ரி. உடல் அடிமைப்பட்டிருந்தாலும் நாம் அடிமைகள் இல்லை என்று நமக்கே அறிவிக்க இப்போதுதான் அது தேவை என்பது அவர் தீர்ப்பு. எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்து எழுதத் துணியாத கேள்வி.

பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று பெற்றோர் கேட்கிறார்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் லோயிஸ் லோரியின் ‘நம்பர் தி ஸ்டார்ஸ்’ கொடுங்கள். 1989-ல் வந்த அமெரிக்க நாவல். கதை 1943-ன் டென்மார்க்கில். அந்தச் செப்டம்பர் 29-ல், யூதப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் காலை, கோபன்ஹேகன் தொழுகைக்கூடத்தில் ரபி மார்கஸ் மெல்கியோர் பிரார்த்தனையை நிறுத்திவிட்டு, நம்மைப் பிடிக்க வரப்போகிறார்கள், உடனே ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தகவலைக் கசியவிட்டவர் டக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரி. அடுத்த ஞாயிறன்று லூத்தரன் தேவாலயங்களில், யூதர்களை வேட்டையாடுவது கிறிஸ்தவத்துக்கு விரோதம் என்ற பேராயரின் கடிதம் வாசிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் மீனவர்கள் ஏறத்தாழ 7,200 யூதர்களைப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திவிட்டார்கள்.

நாவலில் பத்து வயது ஆன்மேரி, தோழி எல்லனின் குடும்பம் தப்புவதற்காகச் சிறு பொட்டலம் ஒன்றைக் காட்டுவழியே ஓடி மாமாவின் படகில் சேர்க்கிறாள். வழியில் சிப்பாய்கள் அவள் கூடையைச் சோதித்துப் பார்க்க, பொட்டலத்துக்குள் இருப்பது வெறும் கைக்குட்டை. அதில் உலர்ந்த முயல் ரத்தமும் கோகெய்னும் தடவியிருக்கிறது. ரத்த வாடைக்கு நாய்கள் வந்து முகரும். கோகெய்ன் பட்டதும் மூக்கு மரத்துப்போகும். படகின் அடித்தட்டில் ஒளிந்திருக்கும் மனிதர்களின் வாடை தெரியாது. சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துக் கொடுத்த உத்தி அது. கதைக்காகக் கட்டியது இல்லை. ஆன்மேரி கற்பனை, கைக்குட்டை நிஜம். எது எது கற்பனை, எது எது நிஜம் என்று லோரி புத்தகத்தின் கடைசியில் தனியாகப் பின்னுரை எழுதி, ஒளிவுமறைவு இல்லாமல் பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பின்னுரையைக் கதையை முடித்த கையோடு பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அதில் அவர் சொல்லும் டேனிஷ் எதிர்ப்புப் படை இளைஞன் கிம்மைப் பற்றிப் பிள்ளை நிச்சயம் கேட்கும், நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.